வரியும் வாழ்வும் (11): நெடுந்தீவு வரை நீளும் வரி

சென்ற வாரம் புரள்வு வரியின் கதையை 1998 ஏப்ரல் 1ஆம் திகதியில் நிறுத்தியிருந்தேன். அன்றுதான் அந்தப் பழைய வரி ஒழிந்து, 12.5 வீதத்தில் பொருட்கள் சேவைகள் வரி இலங்கைக்கு வந்தது. அந்த நாளில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தரைப்பாதை இல்லை. சாமான்கள் கப்பலில் வந்தன. கொழும்பில் போட்ட வரி, கப்பல் கூலி, இறக்குகூலி, தட்டுப்பாடு எல்லாம் ஒரே விலையில் கலந்திருந்ததால் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2002ஆம் ஆண்டு ஏப்ரலில் குடாநாட்டுக்கான ஏ-9 வீதி பொதுமக்களுக்குத் திறந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி, 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பெறுமதி சேர் வரி, அதாவது நாம் எல்லோரும் சொல்லும் ‘வற்’, நடைமுறைக்கு வந்தது. பொருட்கள் சேவைகள் வரியின் இடத்துக்கு மட்டும் அது வரவில்லை. போர்ச் செலவுக்கென்று 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் விதிக்கப்பட்ட தேசிய பாதுகாப்பு வரியும் அதற்குள் சேர்க்கப்பட்டது. வீதியும் வரியும் ஒரே ஆண்டில் வந்ததால் யாழ்ப்பாணத்து வியாபாரிகள் வற்றை முதலில் சந்தித்த விதம் நாட்டில் வேறெவரும் சந்திக்காத ஒன்று. கொழும்பில் சரக்கு ஏற்றும்போது அதன் விலையில் அரசின் வற் இருந்தது. வன்னியைக் கடக்கும்போது விடுதலைப் புலிகளின் ஆயப்பகுதி இன்னொரு வரி வாங்கியது. லொறி முகமாலையைத் தாண்டும்போது இரண்டு தரப்புக்கும் காசு கட்டியாகி இருக்கும். ஒரு தரப்புக்குக் கட்டியதை மற்றத் தரப்பு கணக்கில் எடுக்காது. இரண்டும் சேர்ந்து சுன்னாகம் சந்தையில் சீனியின் விலையில் வந்து நின்றன.

வற்றின் அடிப்படைத் தத்துவத்துக்கே இது நேர் எதிரானது. 1954இல் பிரான்சில் மொறிஸ் லோறே என்ற வரி அதிகாரி இந்த முறையை வகுத்ததே, வரிக்கு மேல் வரி ஏறும் கொடுமையை ஒழிப்பதற்காகத்தான். ஒவ்வொரு வியாபாரியும் தான் வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது அறவிட்ட வரியிலிருந்து கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் அரசுக்குச் செலுத்துவார். கடைசியில் வாங்குபவரின் கையில் வரி ஒரு தடவைதான் விழும். கடதாசியில் இது அழகான ஏற்பாடு. சங்கிலியில் உள்ள ஒவ்வொருவரும் பதிவு செய்தவராக, ரசீது கொடுப்பவராக, கணக்கு வைப்பவராக இருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும். கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளி, அதற்கப்பால் கடலையும் தாண்டி இருக்கும் ஊர்களில் சங்கிலி அப்படி இருப்பதில்லை. இந்த வரி நம்மைப் படுத்தும் பாடு முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொழும்பு மொத்த வியாபாரி 1,000 ரூபா சாமானை 18 வீத வற்றோடு 1,180 ரூபாவுக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் அதை எடுப்பவர் வற்றுக்குப் பதிவு செய்யாத நடுத்தர வியாபாரி. அவர் கட்டிய 180 ரூபாவை எங்கேயும் கழிக்க முடியாது. அவருக்கு அது வரி அல்ல, கொள்முதல் விலை. லொறிக் கூலி 40 ரூபாவைச் சேர்த்தால் 1,220. அதன் மேல் 5 வீதம் லாபம் வைத்து ஊர்க் கடைக்குக் கொடுக்கிறார். ஊர்க் கடைக்காரர் 10 வீதம் வைத்து விற்கிறார். கடைசி விலை 1,409 ரூபா. வரியே இல்லாவிட்டால் அதே லாப வீதங்களோடு அது 1,201 ரூபாவாக இருந்திருக்கும். வித்தியாசம் 208. அரசுக்குப் போனது 180தான். மிச்ச 28 ரூபா, வரியின் மேல் வைத்த லாபம்.

அந்தக் கடைக்காரர்களைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. வரிக்கென்று போட்ட காசும் அவர்களது முதல்தான். அதையும் வட்டிக்கு எடுத்தோ நகையை அடகு வைத்தோதான் போட்டிருப்பார்கள். போட்ட முதலுக்கு லாபம் பார்க்காமல் எந்தக் கடையும் நிலைக்காது. இதே சாமான் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனால் இன்னொரு கை மாறும். அவரும் 10 வீதம் வைத்தால், படகுக் கூலியைச் சேர்க்காமலே, வரியால் மட்டும் ஏறிய தொகை 229 ரூபாவாகிவிடும். சட்டத்தில் நாடு முழுவதற்கும் ஒரே வீதம். நடைமுறையில் கைகள் கூடக் கூட அந்த வீதமும் கூடுகிறது. கொழும்பில் பெரிய சுப்பர் மார்க்கெட்டில் நேரடியாக வாங்குபவரைவிட நெடுந்தீவில் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குபவர் இந்த வரியின் பாரத்தை அதிகம் தாங்குகிறார்.

‘அப்படியென்றால் எல்லோரையும் பதிவு செய்ய வைத்தால் என்ன?’ என்று கேட்கலாம். அரசும் அதைத்தான் நினைக்கிறது. பதிவு செய்ய வேண்டிய எல்லை 2020 ஜனவரியில் ஆண்டுக்கு 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டு, 2022 ஒக்டோபரில் 8 கோடியாகவும், 2024 ஜனவரியில் 6 கோடியாகவும் இறக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 3 கோடியே 60 இலட்சமாக்க முன்மொழிந்தது. 6 கோடி என்றதும் பெரும் பணக்காரர் கணக்கு என்று தோன்றும். இது வியாபாரத்தில் புரளும் தொகை, லாபம் அல்ல. மாவும் சீனியும் பருப்பும் மொத்தமாக விற்கும் ஒருவர் 3 வீத லாபத்தில் 6 கோடிக்கு விற்றால் ஆண்டுக்கு 18 இலட்சம், மாதத்துக்கு ஒன்றரை இலட்சம். அதிலிருந்துதான் கடை வாடகை, மின்சாரம், நிற்கும் பொடியன்களின் சம்பளம் எல்லாம் போக வேண்டும். சீமெந்தும் கம்பியும் விற்கும் கடைக்கும் இதே நிலைதான். 3 கோடியே 60 இலட்சம் என்றால் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபா வியாபாரம். சாவகச்சேரியிலோ நெல்லியடியிலோ ஓரளவு ஓடும் கடைகள் பலவும் இந்த எல்லைக்குள் வந்துவிடும்.

பதிவு செய்தபின் வரும் வேலை சிறியதல்ல. ஒவ்வொரு மாத வரியையும் அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும். காலாண்டுக்கு ஒரு தடவை விபரத்திரட்டை இணையம் வழியாக அனுப்ப வேண்டும். வாங்கியதற்கும் விற்றதற்கும் அட்டவணை சேர்க்க வேண்டும். கொப்பியில் கணக்கு எழுதிப் பழகிய ஒருவர் இதற்குக் கணினியும் கணக்காளரும் வைக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டே அல்ல. சிறிய கடைக்கு அது லாபத்தில் கைவைக்கிறது.

இதைவிடக் கடுமையானது கடன் வியாபாரம். குடாநாட்டின் ஊர்க் கடைகள் கடனில் ஓடுகின்றன. வெங்காயம் கிளறி விற்ற பிறகு தருகிறேன், போயிலை போனதும் தருகிறேன், வெளிநாட்டுக் காசு வந்ததும் தருகிறேன் என்று சொல்லி வாங்குகிறார்கள். கடைக்காரரும் கொடுக்கிறார், ஏனென்றால் அவரும் அதே ஊர். வற் சட்டத்தில் வரி, காசு கைக்கு வரும் நாளில் பிறப்பதில்லை. சாமான் கைமாறினாலோ பட்டியல் எழுதினாலோ பிறந்துவிடுகிறது. ஆகவே இன்னும் வராத காசுக்கு அடுத்த மாதம் 20ஆம் திகதி வரி கட்ட வேண்டும். பருவம் பொய்த்துக் கடன் திரும்பாமல் போனால் அந்த வரியை மீட்பது இன்னொரு நீண்ட அலைச்சல். இதற்குப் பயந்து கடைக்காரர் கடனை நிறுத்தினால் முதலில் பாதிக்கப்படுவது கூலிக்குப் போகும் குடும்பங்கள். வரிக்கொள்கை வகுப்பவர்கள் இந்த ஊர்க் கடனைக் கணக்கில் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

பதிவு செய்யாமல் இருப்பதிலும் ஒரு தண்டனை உண்டு. பதிவு செய்த ஹோட்டலோ கட்டட ஒப்பந்தகாரரோ தாங்கள் கட்டும் வரியைக் கழிப்பதற்கு வற் பட்டியல் கேட்பார்கள். வீட்டில் மிளகாய்த்தூள் இடித்துக் கொடுக்கும் பெண்கள் குழுவிடமோ, கதவு யன்னல் செய்யும் ஊர்ப் பட்டறையிடமோ அது கிடைக்காது. எனவே அவர்கள் கொழும்பிலுள்ள பெரிய விநியோகத்தரிடம் போகிறார்கள். போரில் எல்லாம் இழந்து மெல்ல எழும்பி வந்த சிறு உற்பத்தியாளர், தரத்தாலோ விலையாலோ அல்லாமல் ஒரு பட்டியல் இல்லாத காரணத்தால் சந்தையை இழக்கிறார். இந்த வரி பற்றிய பேச்சுகளில் மிகக் குறைவாகச் சொல்லப்படும் கேடு இதுதான்.

விவசாயியின் நிலை இன்னும் சிக்கலானது. பதப்படுத்தாத உள்ளூர் விளைபொருளுக்கு வற் இல்லை. சின்ன வெங்காயத்துக்கும் கத்தரிக்காய்க்கும் வரி போடவில்லையே, பிறகென்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. இங்கேதான் விலக்கு என்பதையும் பூச்சிய வீதம் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பூச்சிய வீதம் என்றால் விற்பனையில் வரி இல்லை, அதோடு இடுபொருளுக்குக் கட்டிய வரியும் திரும்பக் கிடைக்கும். விலக்கு என்றால் விற்பனையில் வரி இல்லை, ஆனால் கட்டியது கட்டியதுதான். இலங்கை விவசாயிக்குக் கிடைத்திருப்பது விலக்கு. கிருமிநாசினி, பிளாஸ்ரிக் குழாய், நீரிறைக்கும் இயந்திரத்தின் உதிரிப்பாகம், அதற்கு ஊற்றும் எண்ணெய் என்று அவர் வாங்கும் பலவற்றின் விலைக்குள் வற் இருக்கிறது. 2024 ஜனவரியில் விலக்குப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவற்றில் உரமும் இருந்தது. இந்தச் செலவை அவர் தன் விலையில் ஏற்றவும் முடியாது. திருநெல்வேலிச் சந்தையிலோ மருதனார்மடத்திலோ விடியற்காலையில் விலை சொல்வது விவசாயி அல்ல, வாங்க வந்தவர். தம்புள்ளையிலிருந்து லொறி வந்திறங்கினால் விலை இன்னும் விழும். மற்றவர்கள் வரியைக் கைமாற்றி விடுகிறார்கள், இவர் மட்டும் தன் மடியிலிருந்து கட்டுகிறார்.

கனடாவில் அடிப்படை உணவுப் பொருட்களும் பெரும்பாலான விளைபொருட்களும் பூச்சிய வீதத்தில் இருக்கின்றன. அங்கத்தைய விவசாயி தான் கட்டிய வரியைக் கேட்டு வாங்குகிறார். 2025 ஏப்ரலில் இலங்கையில் உள்ளூர்ப் பாலுக்கும் யோகட்டுக்கும் சலுகை வந்தபோது அதுவும் விலக்காகத்தான் வந்தது. நல்லதுதான், ஆனால் பாதி நல்லது.

2024 ஜனவரி 1ஆம் திகதி காலை பலருக்கும் நினைவிருக்கும். வற் 15 வீதத்திலிருந்து 18 ஆனது. அதுவரை விலக்கில் இருந்த பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு உட்படப் பல பொருட்கள் வரிக்குள் வந்தன. ஒக்ரேன் 92 பெற்றோல் 20 ரூபா ஏறி 366 ஆனது. டீசல் 29 ரூபா ஏறி 358 ஆனது. 12.5 கிலோ எரிவாயு 685 ரூபா ஏறி 4,250க்கு வந்தது. மண்ணெண்ணெய் மட்டும் அன்று 11 ரூபா குறைந்தது. வெளி இயந்திரம் பூட்டிய படகுக்காரருக்கு அது ஒரு மூச்சு. ஆனால் அவர்கள் 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340க்குப் போன மண்ணெண்ணெயோடு ஏற்கனவே போராடிக்கொண்டிருந்தவர்கள். டீசலில் ஓடும் இழுவைப் படகுக்கும், ஐஸ் கொண்டுவரும் வாகனத்துக்கும், மீனைக் கொழும்புக்கு ஏற்றும் லொறிக்கும் எந்த மூச்சும் கிடைக்கவில்லை. டீசல் மீதான வரி தூரத்தின் மீதான வரி. தூரத்தில் இருப்பவர் அதைப் போகும்போதும் கட்டுகிறார், வரும்போதும் கட்டுகிறார். நம் மீன் கொழும்புக்குப் போகும் விலையில் அது கழிகிறது. கொழும்புச் சாமான் நம்மிடம் வரும் விலையில் அது ஏறுகிறது.

இதற்கு மேல் 2022 ஒக்டோபர் 1 முதல் 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் இருக்கிறது. இதற்குக் கழிவே கிடையாது. இறக்குமதியாளர் கட்டுவார், உற்பத்தியாளர் கட்டுவார், மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் தங்கள் புரள்வின் பாதிக்குக் கட்டுவார்கள். எல்லாம் அடுத்தவர் விலையில் சேரும். அதன் மேல்தான் வற் கணக்கிடப்படும். நூறு ரூபாச் சேவைக்கு இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 121 ரூபா. 1998இல் ஒழித்த புரள்வு வரியைத்தான் வேறு பெயரில் மீண்டும் கொண்டுவந்திருக்கிறோம். இது நீக்கப்பட வேண்டிய வரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வீதத்தை அடிக்கடி மாற்றுவதும் ஒரு கேடு. 2015 ஜனவரியில் 11 வீதம். 2016 மே மாதம் 15. உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்ற வழக்கில் அவ்வாண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியதால் மீண்டும் 11. நவம்பரில் திரும்ப 15. 2019 டிசம்பரில் 8. 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15. 2024இல் 18. ஒரு கடைக்காரர் பழைய வீதத்தில் எடுத்த சரக்கை எத்தனை தடவை விலை மாற்றி ஒட்டியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். வீதம் ஏறும் நாளில் விலை அன்றைக்கே ஏறுகிறது. 15 வீதம் 8 ஆனபோது சாமான்கள் அந்த அளவுக்கு மலிந்ததை எவரும் நினைவுகூர்ந்து நான் கேட்டதில்லை.

இவ்வளவும் சொன்னபின், வற்றை ஒழித்துவிட்டால் எல்லாம் சரி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 2019 முடிவில் வீதத்தோடும் பதிவு எல்லையோடும் விளையாடிப் பார்த்தோம். அந்த ஆண்டு ஏறத்தாழ 44,400 கோடி ரூபாவாக இருந்த வற் வருமானம் 2020இல் 23,400 கோடியாக விழுந்தது. பெருந்தொற்றும் அதில் ஒரு காரணம், ஆனால் பெரும் ஓட்டையை வெட்டியது வரிக்குறைப்பு. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த ஆண்டின் எரிபொருள் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் ஏழைகளைத்தான் முதலில் வதைத்தன. இன்று அரசின் வரி வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வற்றிலிருந்து வருகிறது. மலேசியா 2015 ஏப்ரலில் கொண்டுவந்த 6 வீத வரியை 2018இல் ஆட்சி மாறியதும் பூச்சியமாக்கி, அதே ஆண்டு செப்டெம்பரில் பழைய விற்பனை வரிக்கும் சேவை வரிக்கும் திரும்பியது. விற்பனை வரியே இல்லாமல் அந்த நாட்டாலும் இருக்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இந்த வரிக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. வெளிநாட்டுக் காசு உண்டியல் வழியாக வந்தால் வருமான வரி அதைத் தொடாது. அந்தக் காசில் வீடு கட்டும்போது சீமெந்திலும் மாபிளிலும் வற் அதைத் தொடுகிறது. அது சரிதான். ஆனால் ஒரே ஒழுங்கையில், ரொறன்ரோவில் மூன்று பிள்ளைகள் உள்ள வீடும் போரில் கணவனை இழந்து தோட்டக் கூலிக்குப் போகும் பெண்ணின் வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு வீட்டாரும் ஒரு சவர்க்காரத்துக்கும் ஒரு கொப்பிக்கும் ஒரே வரி கட்டுகிறார்கள். முதலாவது வீட்டுக்கு அது பொருட்டல்ல. இரண்டாவது வீட்டில் உழைப்பது முழுவதும் செலவாகிவிடுகிறது, அதனால் அந்தப் பெண்ணின் வருமானத்தில் வரி தொடாத பங்கு மிகச் சிறியது.

அந்த ரொறன்ரோப் பிள்ளைகள் வாழும் ஒன்ராறியோவில் விற்பனை வரி 13 வீதம். நம்மைவிடக் குறைவு. அதோடு வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கனடா அரசு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இந்த வரிக்கென்றே ஒரு தொகையைத் திருப்பிக் கொடுக்கிறது. இலங்கையில் 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டம் இருக்கிறது. மிக வறிய குடும்பத்துக்கு அப்போது மாதம் 15,000 ரூபாவும், வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாவும் தீர்மானித்தார்கள். ஆனால் அடுத்த ஜனவரியில் வற் ஏறியபோது அந்த ஏற்றத்துக்கு ஈடு கொடுக்கும் தானியங்கி ஏற்பாடு எதுவும் அதில் இருக்கவில்லை. வீதம் ஒரு புள்ளி ஏறினால் கொடுப்பனவும் அதே நாளில் ஏற வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதலாம். விவசாயிக்கும் மீனவருக்கும் இடுபொருட்களைப் பூச்சிய வீதத்தில் கொடுக்கலாம். பதிவு எல்லையைத் தாழ்த்துவதாயின், சிறு கடைகள் காசு கைக்கு வந்த பிறகு வரி கட்டும் முறையை அனுமதிக்கலாம். பிரித்தானியாவில் சிறு வியாபாரிகளுக்கு அப்படியொரு முறை இருக்கிறது. இவை நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள். மற்ற எல்லா விடயத்துக்கும் எழும்பிப் பேசுகிறார்கள், இதற்கும் பேச வேண்டும்.

வாசகர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ‘வற் கூடிட்டுது அக்கா’ என்று சொல்லி விலையைக் கூட்டும் எல்லாக் கடையும் வற்றுக்குப் பதிவு செய்த கடை அல்ல. பதிவு செய்யாதவர் பட்டியலில் வற் என்று தனியாக ஒரு தொகை எழுதி வாங்குவது சட்டப்படி குற்றம். அந்தக் காசு அரசுக்குப் போகாது. பதிவு செய்தவரின் பட்டியலில் வற் இலக்கம் இருக்க வேண்டும். ஒன்பது இலக்கங்களும் அவற்றின் பின்னால் 7000 என்பதும் சேர்ந்ததுதான் அந்த இலக்கம். பதிவுச் சான்றிதழும் கடையில் பார்வைக்கு இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வற் கேட்டால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கோ அழைத்துச் சொல்லுங்கள். தமிழிலேயே கதையுங்கள், அது உங்கள் உரிமை.

அடுத்த வாரம், நண்டும் கடலட்டையும் ஏற்றுமதி செய்வோரின் மீளளிப்புப் பிரச்சினை. 2011இல் வந்த இலகுபடுத்திய வற் முறை 2025 ஒக்டோபரில் ஏன் நிறுத்தப்பட்டது, அதற்குப் பதிலாகச் சொல்லப்பட்ட 45 நாள் வாக்குறுதி என்ன என்று பார்ப்போம்.

(தொடரும்)